கூரைக்குள் பொசம்: விடுவதா, பிடிப்பதா, அடைப்பதா?

ஆஸ்திரேலியாவின் கிழக்கு, தெற்குக் கரையோர நகரங்களில், மரங்கள் அடர்ந்த புறநகர்ப் பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்து சேரும் தேர்வு இது. பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் உட்கூரையின் மேல் கனத்த காலடி கேட்கும். பிறகு ஓட்டின் மீது ஒரு தாவல், அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரத்த உறுமல். விடியுமுன் மீண்டும் அதே காலடி, அதன்பின் பகல் முழுவதும் அமைதி. மேலே குடியிருப்பது பொசம், அதாவது குட்டியைப் பையில் சுமக்கும், இரவில் நடமாடும் மரவிலங்கு, என்று தெரிந்தவுடன் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பொறி வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள காட்டில் விட்டுவிடலாம் என்பார் ஒருவர். பிடித்து, தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓட்டையை அடைக்கலாம் என்பார் இன்னொருவர். பிடிக்கவே வேண்டாம், அது இரை தேடப் போன நேரத்தில் வழியை மூடினால் போதும் என்பவர்களும், அதற்கு முன்பே மரத்தில் ஒரு கூட்டுப்பெட்டியை மாட்டிவிட வேண்டும் என்பவர்களும், அந்துருண்டையும் பூண்டுச் சாறும் வேலையை முடித்துவிடும் என்பவர்களும், பேசாமல் விட்டுவிடுங்கள் என்பவர்களும் உண்டு. இந்த ஆறு வழிகளையும் செலவையும் உழைப்பையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான விடையே கிடைக்கும் என்பது என் கருத்து. இந்த விலங்கு காட்டில் எப்படி வாழ்கிறது, அதன் வாழ்க்கையில் எது தாராளமாகக் கிடைக்கிறது, எது அரிது என்பதை முதலில் பார்த்துவிட்டால் ஆறில் நான்கு வழிகள் தாமாகவே பின்தங்கிவிடும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் மேலே இருப்பது எது என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது. விறுவிறுவென்று ஓடும் மெல்லிய ஓசையும் கொறிக்கும் ஒலியும் எலிக்குரியவை. அதற்கு வேறு வைத்தியம். பொசம் என்றால், இந்நகரங்களில் அது பெரும்பாலும் இரண்டு இனங்களில் ஒன்றாகவே இருக்கும். பிரஷ்டெயில் பொசம் பூனையளவு இருக்கும். அதன் எடை 1.2 கிலோவிலிருந்து 4.5 கிலோ வரை இடத்துக்கு இடம் மாறும், குளிர்ந்த டாஸ்மேனியாவில் வாழ்பவை பெரியவை, வெப்பமான வடபகுதியில் வாழ்பவை சிறியவை. நிமிர்ந்த நீண்ட காதுகள், இளஞ்சிவப்பு மூக்கு, கறுத்த முடி அடர்ந்த புசுபுசுவென்ற வால் ஆகியவை அதன் அடையாளங்கள். ரிங்டெயில் பொசம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறிய பிராணி. அதன் ஒல்லியான வால் நுனியில் வெண்மையாக இருக்கும், கிளையைச் சுற்றிப் பிடிக்க இன்னொரு கையாகவும் பயன்படும். ஆபத்து வந்தால் செத்ததுபோல் கிடக்கும் அமெரிக்க ஒபோசம் இவற்றுக்கு மிகத் தூரத்து உறவு மட்டுமே. இங்கே சொல்லப்போகும் எதுவும் அதற்குப் பொருந்தாது. வீட்டுக் கூரைக்குள் குடியேறுவது அநேகமாகப் பிரஷ்டெயில்தான், அதற்கான காரணம் அது பகலைக் கழிக்கும் இடத்தில் இருக்கிறது.

ரிங்டெயில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளத் தெரிந்த விலங்கு. சுள்ளி, மரப்பட்டை, பெரணி, இலை ஆகியவற்றை வாலில் சுருட்டித் தூக்கிவந்து, அடர்ந்த புதரிலோ கிளைக் கவட்டிலோ பந்து வடிவில் ஒரு கூட்டைப் பின்னி, உள்ளே கிழித்த பட்டையைப் பரப்பி, ஆணும் பெண்ணும் குட்டிகளும் குடும்பமாக அதில் தங்கும். பொந்து கிடைத்தால் அதையும் அது பயன்படுத்திக்கொள்ளும், கிடைக்காவிட்டாலும் தடுமாறாது. பிரஷ்டெயிலுக்கு இந்தக் கைவேலை வராது. இருட்டிய பின் வெளியே வந்து விடியுமுன் திரும்பும் அந்த விலங்குக்குப் பகல் முழுவதும் ஒளிந்துகிடக்க ஆயத்தமான ஒரு குகைபோன்ற இடம் வேண்டும்; இயற்கையில் அது பெரும்பாலும் முதிர்ந்த யூகலிப்டஸ் மரத்தின் பொந்து, சில இடங்களில் விழுந்துகிடக்கும் அடிமரத்தின் உட்குழி, பாறை இடுக்கு அல்லது கைவிடப்பட்ட கறையான் புற்று.

இந்தப் பொந்துதான் முழுக் கணக்கின் மையம். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திகள் கிடையாது. வேறு கண்டங்களில் ஒரு பறவை சில வாரங்களில் குடைந்து முடிக்கும் வேலையை இங்கே பூஞ்சையும் கறையானும் காட்டுத்தீயும் முறிந்து விழும் கிளைகளும் மெல்ல மெல்லச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு யூகலிப்டஸ் மரத்தில் பொசம் புகும் அளவுக்குப் பொந்து உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிளிகள், ஆந்தைகள், வௌவால்கள், பொசங்கள், சறுக்கிப் பறக்கும் கிளைடர்கள், பல்லியினங்கள் எனக் கண்டத்தின் ஏறத்தாழ 300 முதுகெலும்புள்ள இனங்கள் அந்தப் பொந்துகளை நம்பியிருக்கின்றன. விக்டோரியா மாநிலத்தின் சின்ன விலங்கான லெட்பீட்டர் பொசத்தின் கதையே இதைப் போதுமான அளவு விளக்கிவிடும். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அது 1961இல் மேரிஸ்வில்லை அடுத்த மலைக்காடுகளில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் காடுகளில் இளமரங்கள் ஏராளமாக இருந்தாலும், வெட்டுதலாலும் 2009ஆம் ஆண்டின் பெருந்தீயாலும் பொந்துள்ள முதுமரங்கள் குறைந்ததால் அது இன்றும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இலையும் பூவும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. படுக்க இடம்தான் இல்லை.

நகரத்தில் இதே நிலை இன்னும் கூர்மையாக இருக்கிறது. உணவு என்று பார்த்தால் புறநகர்த் தோட்டம் காட்டைவிட வளமானது: ரோஜாத் தளிர், எலுமிச்சை, பழமரங்கள், ஆண்டு முழுவதும் நீர் பாயும் செடிகள் எல்லாம் உண்டு. ஆனால் வயதான மரம் தெருவுக்கும் வீட்டுக்கும் ஆபத்து என்று முதலில் வெட்டப்படுகிறது, மரம் மிஞ்சினாலும் அதன் பட்ட கிளைகள், அதாவது பொந்து உருவாகும் பகுதிகள், நறுக்கப்பட்டுவிடுகின்றன. உணவு மிகுந்து உறைவிடம் குறைந்த அந்த இடைவெளியில், இருட்டும் வறட்சியும் கதகதப்பும் உள்ள கூரையின் உட்புறம், இறவாணத்தில் ஒரு பலகை நெகிழ்ந்திருந்தாலே, பிரஷ்டெயிலின் கண்ணுக்கு மிகப் பெரிய மரப்பொந்தாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அது விலங்கை என்ன செய்கிறது என்பதல்ல. அந்தப் பொந்தை என்ன செய்கிறது என்பதுதான்.

அந்தக் கேள்வியை முதல் வழியின் மீது, அதாவது பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடுவதன் மீது வைத்துப் பார்ப்போம். கேட்பதற்கு இதுவே மிகக் கருணையான வழியாகத் தோன்றும். காட்டு விலங்கைக் காட்டில் சேர்ப்பதில் என்ன குற்றம் இருக்க முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஆறு வழிகளில் மிக மோசமானது இதுவே, அதுவும் இரு முனைகளிலும் மோசமானது.

விடப்படும் முனையை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரஷ்டெயில் பெரும்பாலும் தனித்து வாழும் விலங்கு. தன் எல்லைக்குள் தாடை, மார்பு ஆகிய இடங்களில் உள்ள சுரப்பிகளின் வாசனையைத் தேய்த்து, இது என் இடம் என்று மற்றவற்றுக்கு அறிவிக்கும். வளர்ந்த ஆண் குட்டிகள் வெளியேறி அலைய, பெண் குட்டிகள் தாயின் எல்லையை ஒட்டியே தங்கிவிடுவது வழக்கம். ஒரு எல்லைக்குள் அதற்குப் பல உறைவிடங்கள் இருக்கும், அவற்றை அது மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். எந்தக் கிளையிலிருந்து எந்த மரத்துக்குத் தரையைத் தொடாமல் போகலாம், எந்தப் பொந்து மழையில் நனையாது என்பதெல்லாம் அது பிறந்து வளர்ந்து கற்ற அறிவு. உணவும் அப்படித்தான். யூகலிப்டஸ் இலைகளில் நச்சுப் பொருள்கள் உண்டு, மரத்துக்கு மரம் அவற்றின் அளவும் வகையும் மாறும். ஒரே மரத்தில் வயிறு நிறையத் தின்னாமல், பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இடையில் பூவும் பழமும் கலந்து, ஈரல் தாங்கும் அளவுக்குள் நிற்பதுதான் பிரஷ்டெயிலின் உத்தி. தெரியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட பொசத்துக்கு இந்த அறிவு எதுவும் கைகொடுக்காது. அங்குள்ள நல்ல பொந்துகளில் ஏற்கெனவே வேறு பொசங்கள் இருக்கும், அவை துரத்தும். இடம் தேடி அது தரையில் அலைய வேண்டிவரும். தரையில் செந்நரி காத்திருக்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த நரி இக்கண்டத்தின் பழைய எதிரிகளான ஆந்தை, மலைப்பாம்பு, டிங்கோ என்னும் காட்டுநாய் ஆகியவற்றோடு புதிதாகச் சேர்ந்த ஒன்று. இடம் மாற்றப்பட்ட நகரப் பொசங்களுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த விக்டோரியா ஆய்வில் அவற்றில் பெரும்பாலானவை விரைவிலேயே இறந்துபோயின.

வீட்டு முனையில் பலன் பூஜ்யம். பொந்து காலியாகிவிட்டது, ஓட்டை திறந்தே இருக்கிறது, இடமில்லாமல் அலையும் இளம் ஆண் ஒன்று சில நாள்களில் அல்லது வாரங்களில் அங்கே வந்துவிடும். சட்டமும் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. விக்டோரியாவில் பொசங்கள் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கட்டடத்துக்குள் குடியிருக்கும் பிரஷ்டெயிலை மட்டும் கூண்டுப் பொறியில் பிடிக்கலாம், ஆனால் பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், அதே மனையிலேயே, இருட்டிய பின் விட்டுவிட வேண்டும். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் பிடிக்கவே உரிமம் வேண்டும், தொலைவில் விட அங்கும் அனுமதி இல்லை. தொலைவுக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், பொறியை வாடகைக்கு எடுக்குமுன் தம் மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. நஞ்சு வைப்பது எங்குமே பேச்சுக்கு இடமற்ற குற்றம்.

அடுத்த வழி, பிடித்துத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓட்டையை அடைப்பது. உரிமம் பெற்ற தொழில்முறைப் பிடிப்பாளர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான், சட்டத்துக்கும் இது உட்பட்டது. ஆனால் இதில் பொறியால் கிடைக்கும் கூடுதல் பயன் என்ன என்று யோசித்தால் மிகச் சிறிதாகவே தெரிகிறது. எப்படியும் இரவில் தானாக வெளியே போகும் விலங்கைக் கூண்டில் சிக்கவைத்து, பகல் முழுவதும் அச்சத்தில் வைத்திருந்து, இரவில் அதே முற்றத்தில் விடுகிறோம். கூண்டின் கம்பிகளில் மோதி மூக்கையும் நகங்களையும் காயப்படுத்திக்கொள்வதும், குட்டியுள்ள தாய் பதற்றத்தில் குட்டியைத் தவறவிடுவதும் நடக்கக்கூடியவை. பயன் தருவது ஓட்டையை அடைக்கும் வேலை மட்டுமே. பொறி அதற்கு ஒரு செலவு மிகுந்த முன்னுரை. ஒரே ஒரு சூழலில் இதை நான் ஏற்பேன்: கூரையின் உள்ளமைப்பு சிக்கலாக இருந்து, விலங்கு வெளியே போய்விட்டதா என்பதை வேறெந்த வகையிலும் உறுதிசெய்ய முடியாதபோது.

பொறியில்லாமல் இரவில் அடைப்பது அதைவிடச் செம்மையான வழி. இதற்கு முதலில் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பொசம் அடிக்கடி நுழையும் இடத்தில் மரத்தின் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பேறியிருக்கும், முடி ஒட்டியிருக்கும், கீழே உருளை வடிவப் புழுக்கைகள் கிடக்கும். நகரும் ஓடு, இறவாணப் பலகையின் இடைவெளி, புகைபோக்கி ஓரம், இரண்டு கூரைகள் சேரும் மூலை ஆகியவை வழக்கமான இடங்கள். சந்தேகமான துளையில் கசங்கிய செய்தித்தாளை இலேசாகச் செருகிவைத்தால், அது தள்ளப்பட்டிருப்பதிலிருந்து எது வாசல் என்பது மறுநாள் தெரிந்துவிடும். ஒரு வாசல்தான் என்று அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது. மற்ற எல்லாத் துளைகளையும் பகலிலேயே அடைத்துவிட்டு, முக்கிய வாசலை மட்டும் மிச்சம் வைத்து, இருட்டி ஓரிரு மணி நேரம் கழித்து, விலங்கு வெளியேறியதைக் கண்ணால் பார்த்தபின் அதையும் மூட வேண்டும். வெளியே மட்டும் திறக்கும் தொங்கு கதவை மாட்டிவைத்தால் ஏணியில் நின்று காத்திருக்க வேண்டியதில்லை. அடைக்கும் பொருள் உறுதியானதாக இருக்க வேண்டும். மெல்லிய வலையையும் நுரையையும் நான்கு கிலோ எடையும் கூரிய நகமும் உள்ள விலங்கு ஓரிரு இரவுகளில் பிய்த்துவிடும்.

இந்த வழியின் குறை, அடைத்த மறுநாள் விடியலில் வெளிப்படும். திரும்பிவந்த பொசம் தன் வாசனை படிந்த வாசலை மூடியிருப்பதைப் பார்த்து உடனே விலகிப் போய்விடாது. அது சுற்றிச் சுற்றி வரும், பலகைகளை இழுத்துப் பார்க்கும், ஓடுகளைத் தூக்கும். பல இரவுகள் இது தொடரலாம். அதன் எல்லைக்குள் மற்ற பொந்துகள் இருந்தால் சில நாள்களில் அது அவற்றுக்குப் போய்விடும். ஓடைக்கரையில் முதுமரங்கள் நிற்கும் பகுதிகளிலும் வனப்பூங்காவை ஒட்டிய தெருக்களிலும் அடைப்பு மட்டுமே போதுமானதாக இருப்பது இதனால்தான். மரங்கள் இளையவையாகவும் கூரைகள் எல்லாம் புதியவையாகவும் உள்ள குடியிருப்பில் அதற்குப் போக்கிடம் இருக்காது. அது உங்கள் கூரையின் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும், அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் கூரையைத் தேடும். பிரச்சினை ஒரு வேலியைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவேதான் கூட்டுப்பெட்டியை முதலில் மாட்டி, கூரையைப் பிறகு அடைக்கும் வழியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். அந்த எல்லைக்குள் ஒரு பொந்தை நாமே சேர்த்துவிட்டு, நமக்குத் தொல்லை தரும் பொந்தை எடுத்துவிடுகிறோம். வாசனை, மரங்களின் பரிச்சயம், இரவு வழிகள் எதுவும் மாறுவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: அதே பொசம் பெட்டியில் நிலைத்துவிட்டால் வேறு பொசங்களைத் தன் எல்லைக்குள் அது எளிதில் விடாது, எனவே வெளியேற்றப்பட்டதாக நாம் நினைக்கும் விலங்கே நம் கூரைக்குக் காவலாகிவிடும். இந்த வாதத்தில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. பெட்டி நல்ல பெட்டியாக இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பல, மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆனவை. கோடையில் அவற்றின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும், குளிர்காலத்தில் வெளிக்குளிரை அப்படியே உள்ளே விடும். மரப்பொந்தின் சுவர் பல அங்குலத் தடிமன் உள்ள உயிருள்ள கட்டை என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். தடித்த பலகை, நன்கு வெளியே நீண்ட மூடி, அடியில் நீர் வடியும் துளைகள், ஏறி வெளியே வர உட்சுவரில் சொரசொரப்பு, பிரஷ்டெயில் நுழைய ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகல வாசல் ஆகியவை இன்றியமையாதவை. தென்னரைக் கோளத்தில் வடக்கு வெயிலும் மேற்கு வெயிலும்தான் சுடும் என்பதால் வாசல் அந்தத் திசைகளைப் பார்க்காமல், நாளின் பெரும்பகுதி நிழல் விழும் பக்கத்தில், தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்திலாவது பெட்டி இருக்க வேண்டும். மரம் பருக்கும்போது தண்டை இறுக்காத வகையில் கட்ட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெட்டிக்கு வேறு குடியிருப்பாளர்கள் வருவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று கிழக்குக் கரை நகரங்களில் பெருகியிருக்கும் மைனா, பொந்துகளுக்காக உள்ளூர்ப் பறவைகளை விரட்டும் பறவை. காலிப் பெட்டியைக் கண்டால் குப்பையால் நிரப்பிவிடும். ஐரோப்பியத் தேனீக் கூட்டமும் அப்படியே. கிளிகள் வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுவிட்டு இன்னொரு பெட்டி மாட்டுவதே நியாயம், அதுவும் பொந்துக்காக ஏங்கும் இனம்தான். ஆண்டுக்கொரு முறை ஏணி வைத்துப் பார்க்கவும் பழுதானால் மாற்றவும் ஆள் இல்லையென்றால் பெட்டி சில ஆண்டுகளில் உதவாக்கட்டை ஆகிவிடும். நிழல்தரும் பெரிய மரமே இல்லாத சிறிய மனைகளுக்கு இந்த வழி திறந்திருப்பதில்லை. அங்கே பக்கத்து வீட்டாரோடு பேசி அவர்கள் மரத்தில் மாட்ட முடிந்தால் நல்லது, பொசத்துக்கு வேலி ஒரு பொருட்டல்ல.

வாசனைப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்துருண்டை, பூண்டு, மிளகாய்க் கரைசல், காதுக்கு எட்டாத ஒலி எழுப்பும் கருவி எல்லாமே சில நாள்கள் தயக்கத்தை உண்டாக்கும், பிறகு விலங்கு பழகிக்கொள்ளும். நச்சு நிறைந்த இலைகளைத் தின்று வாழும் பிராணியைக் காரவாசனையால் விரட்டப் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கையான முயற்சிதான். கூரைக்குள் விளக்கை எரியவிடுவது மட்டும் ஓரளவு பயன் தரும், ஏனெனில் இருட்டுக்காகவே அது அங்கே வந்திருக்கிறது. ஆனாலும் அடைப்பு வேலைக்குத் துணையாகவே அதைக் கொள்ள வேண்டும். கூரையை உரசும் கிளைகளை ஒன்றரை மீட்டர் இடைவெளி விழும்படி வெட்டுவதும், தனித்து நிற்கும் மரத்தண்டில் அகலமான வழுவழுப்பான உலோகப் பட்டையைச் சுற்றுவதும் இவற்றைவிட மதிப்புள்ள துணைவேலைகள்.

விட்டுவிடும் வழியை நான் இளக்காரமாகக் கருதவில்லை. கூரை வீட்டின் கூரையாக இல்லாமல் தோட்டக் கொட்டகையின் கூரையாகவோ, வண்டி நிறுத்தும் கூடமாகவோ இருந்தால் இதுவே சிறந்த வழி என்பேன். அங்கே பெட்டி மாட்டும் செலவுகூட இல்லாமல் ஒரு பொந்து கிடைத்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் கணக்கு வேறு. பொசம் ஒரே மூலையைக் கழிப்பிடமாக்கினால் சிறுநீர் உட்கூரையில் கறையாக இறங்கும், வெப்பத்தடுப்புப் பஞ்சு நாறும், பிறகு ஒட்டுண்ணிகளும் சேரும். மின்கம்பிகளை எலியைப்போல் விடாமல் கொறிக்கும் பழக்கம் அதற்கு இல்லையென்றாலும், அதன் எடையும் நடமாட்டமும் கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் நல்லதல்ல. விக்டோரியாவில் இன்னொரு கவலையும் எழுந்திருக்கிறது. புரூலி புண் எனப்படும் தோல்நோயை உண்டாக்கும் பாக்டீரியா, மார்னிங்டன், பெல்லரின் தீபகற்பங்களிலும் மெல்பர்னின் சில பகுதிகளிலும் பொசங்களின் புழுக்கைகளில் காணப்படுகிறது. பொசங்களும் அந்த நோயால் பாதிக்கப்படுகின்றன. அது மனிதருக்குக் கொசுக்கள் வழியாகப் பரவுகிறது என்பதை 2024இல் வெளியான விக்டோரியா ஆய்வு வலுவாக நிறுவியது. இதிலிருந்து பொசத்தை ஒழிக்க வேண்டும் என்ற முடிவுக்குப் போவது தவறு, கொசுக்கடியைத் தடுப்பதே அங்கே தரப்படும் அறிவுரை. ஆனால் அப்பகுதிகளில் வாழ்பவர் படுக்கையறைக்கு மேலே புழுக்கை குவிய விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

விட்டுவிடுவது என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து உணவு வைக்கத் தொடங்குவதைப் பார்க்கிறேன். அதைச் செய்ய வேண்டாம். ரொட்டியும் இனிப்பும் இலை தின்று பழகிய குடலுக்குக் கேடு, ஒரே தட்டில் பல பொசங்கள் கூடினால் சண்டையும் நோயும் வரும். ரிங்டெயிலின் செரிமானம் இன்னும் நுட்பமானது. பகலில் கூட்டில் இருக்கும்போது தன் மென்மையான முதல் புழுக்கையை மீண்டும் தின்று, இலையில் மிச்சமிருக்கும் சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளும் விலங்கு அது.

ரிங்டெயிலின் பேச்சு வந்ததால், மரத்தில் அதன் கூட்டைக் கண்டு கவலைப்படுபவர்களுக்கு ஒரு வரி: ஒப்பிடவே ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். விக்டோரியாவில் அதைப் பொறியில் பிடிக்க வீட்டுக்காரருக்குப் பொது அனுமதி கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் வாழும் மேற்கத்திய ரிங்டெயில் கடும் அழிவாபத்தில் உள்ள தனி இனம். வேலியோரப் புதரை வெட்டுமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்ப்பதே நம்மிடம் எதிர்பார்க்கப்படும் ஒரே உழைப்பு.

இதுவரை சொன்ன எல்லாக் கணக்கும் டாஸ்மன் கடலைக் கடந்தால் தலைகீழாகிவிடும் என்பதையும் நியூசிலாந்தில் உறவினர் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்லவேண்டும். மென்மயிர் வணிகத்துக்காக 1837இலிருந்து பல முறை அங்கே கொண்டுசெல்லப்பட்ட பிரஷ்டெயில், தனக்குப் பழகிய எதிரிகளும் நச்சு நிறைந்த யூகலிப்டஸ் காடும் இல்லாத தீவுகளில் கோடிக்கணக்கில் பெருகியது. தற்காப்புக் குறைந்த உள்ளூர் மரங்களின் தளிரைத் தின்று தீர்த்தது, பறவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது, மாடுகளுக்குக் காசநோயைப் பரப்பியது. 2050க்குள் அதை நாட்டிலிருந்தே அகற்றும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2016இல் அறிவித்தது. அங்கே கூட்டுப்பெட்டி மாட்டச் சொல்லி யாரும் அறிவுரை தரமாட்டார்கள். அதே விலங்கு மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் தன் பழைய இடங்களில் பெரும்பகுதியிலிருந்து மறைந்துபோய்விட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த முடிவையும் ஊரைச் சொல்லாமல் சொல்ல முடியாது என்று புரியும்.

ஆஸ்திரேலியப் புறநகருக்குத் திரும்பினால், மிஞ்சியிருப்பது காலத்தைத் தேர்வதுதான், இதை வல்லுநர்கள்கூடச் சில நேரம் கவனிப்பதில்லை. பிரஷ்டெயிலின் பெரும்பாலான பிறப்புகள் இலையுதிர்காலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரை நிகழ்கின்றன. சுமார் பதினேழு, பதினெட்டு நாள் கருவுக்குப் பின் ஒற்றைக் குட்டி பிறந்து பைக்குள் ஏறிக்கொள்ளும், அங்கே நான்கைந்து மாதம் இருக்கும், பிறகு தாயின் முதுகில் ஓரிரு மாதம் பயணம் செய்யும். பைக்குள் இருக்கும்வரை தாய் போகுமிடமெல்லாம் குட்டியும் போகும். முதுகை விட்டு இறங்கத் தொடங்கும் வசந்தகால இறுதியில்தான் தாய் குட்டியைச் சில நேரம் உறைவிடத்திலேயே விட்டுவிட்டுப் போகும், அப்போது கூரையை அடைத்தால் குட்டி உள்ளே சிக்கிவிடும். ஆகவே கோடை முடியுமுன், அதாவது பிப்ரவரிக்குள், பெட்டியை மாட்டிவிட்டு, விலங்கு அதை மோந்துபார்த்துப் பழகச் சில மாதம் கொடுத்து, ஜூன் அல்லது ஜூலையில் அடைப்பு வேலையை முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் காலத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வசந்தத்திலும் சில பிறப்புகள் நிகழ்வதால் எந்த மாதமும் முழுமையாகப் பாதுகாப்பானதல்ல. அடைத்த மறுநாளும் அதற்கடுத்த இரவும் உட்கூரைக்குக் கீழே நின்று கவனித்துக் கேளுங்கள். மெல்லிய கூப்பிடும் குரலோ சுரண்டும் ஓசையோ கேட்டால் அன்று மாலையே வாசலைத் திறந்துவிடுங்கள், தாய் வந்து குட்டியை எடுத்துச் செல்லும். திறந்துவிட்டும் தாய் வரவில்லையென்றால், வனவிலங்கு மீட்பு அமைப்புகளை, அதாவது விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியாவையும், நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் அமைப்பையும் அழைத்தால் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வழிகாட்டுவார்கள்.